தம்பாவின் ஒரே ஒரு கோல்

"சனிக்கிழமை, நவம்பர் முற்பகுதி, பின்னேரம். ரொறன்ரோ, மல்வேர்ன், தம்பா வீடு. வெளியே ஈரப்பனி. கேள்வி: அந்தக் கோலை அடித்தது நானா? விடை: தெரியாது. தேடவேண்டும்."

என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. மூலத்தில் ஆண்டும் திகதியும் இருக்கின்றன. இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் திகதியை விழுங்குகிறவன் அல்ல. ஆனால் தம்பாவின் மனைவி ஹாவா கேட்டுக்கொண்டார்: "ஆண்டைப் போடாதேங்கோ, பிரதர். நாங்கள் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கிறம்." அதனால் விட்டுவிட்டேன்.

அன்று அவர்கள் வீட்டுக் குசினியில் மரவள்ளி இலை கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கிழங்கை எடுத்துக்கொண்டு இலையை எறிந்துவிடுவோம். அவர்களுக்கு இலைதான் கறி. செந்நிறப் பாம் எண்ணெயும் கருவாடும் சேர்ந்த வாசனையில் யன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. தம்பா மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி இருந்தார். பெரிய கைகள். கோல்காப்பாளருக்கு வாய்த்திருக்க வேண்டியவை என்று எங்கள் பொடியள் பகிடி பண்ணுவார்கள்.

"அண்ணை," என்றார். "நீங்கள் திகதி பாக்கிற ஆள். எனக்கு ஒண்டு பாத்துச் சொல்லுங்கோ. அந்தக் கோலை அடிச்சது நானோ?"

"எந்தக் கோல்?"

"எனக்கு இருக்கிறது ஒரு கோல்தானே."

"நீர்தானே எனக்குச் சொன்னீர், தம்பா."

"அதுதான் பயமாயிருக்கு. சொன்னது ஞாபகம் இருக்கு. அடிச்சது ஞாபகமில்லை."

அடுப்படியில் நின்ற ஹாவா திரும்பவில்லை. அகப்பை மட்டும் நின்றது.

தம்பா பேசியது ஆங்கிலம், அவருடைய நாட்டு ஆங்கிலம். அதை எங்கள் வீட்டுத் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். என் காதுக்குள் அது அப்படித்தான் இருக்கிறது. "அண்ணை" மட்டும் அவரே சொன்னது. அது என் பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தார்.

பாண் தொழிற்சாலை

தம்பா சியரா லியோன் நாட்டவர். கிழக்கே, வைரம் தோண்டும் மாவட்டத்தில் பிறந்தவர். அவர்களுடைய மொழியில் தம்பா என்றால் இரண்டாவது ஆண்பிள்ளை. தலைநகரின் உதைபந்தாட்டக் கழகமொன்றுக்கு விளையாடி, அங்கிருந்து தேசிய அணிக்குப் போனவர். சென்ரர் பாக். அதாவது கோலுக்கு முன்னால் நின்று, உயர்ந்து வரும் பந்துகளையெல்லாம் தலையால் திருப்பி அனுப்புகிறவர். தேசிய அணிக்கு ஒரு சில ஆட்டங்கள். ஒரு கோல்.

நான் அவரை முதலில் கண்டது மைதானத்தில் அல்ல, ஸ்காபரோவில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில். இருவரும் பின்னேர ஷிப்ட், பொதி கட்டும் வரிசை. மேலே ஓடும் பெல்ற்றில் பணிஸ் பைகள் போகும். ஒருநாள் மேலே ஏதோ சிக்கி, பைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழத் தொடங்கின. நாங்கள் கையை நீட்டினோம். தம்பா கையை நீட்டவில்லை. ஓர் எட்டு பின்னால் வைத்தார், கழுத்தை இறுக்கினார், விழுந்துவந்த பையை நெற்றியால் தட்டி மறுபடி பெல்ற்றில் ஏற்றினார். அடுத்ததையும் அப்படியே.

வரிசை முழுக்கக் கைதட்டியது. மேற்பார்வையாளர் வந்து, "உணவில் தலை படக்கூடாது," என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு அறையில் கேட்டேன்: "எங்க பழகினனீர்?"

"என்ர நாட்டுக்கு விளையாடினனான்," என்றார். வேறு யாரும் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்துகொண்டே, பஸ் இலக்கம் சொல்லுவதுபோலச் சொன்னார்.

கோலைப் பற்றியும் அன்றுதான் சொன்னார். இரண்டே வரி. "அயல்நாட்டில விளையாடினம். ஒண்டுக்கு ஒண்டு. கோர்னரில வந்த பந்தை நான் தலையால இடிச்சன்." அவ்வளவுதான். பிறகு போர் வந்தது. அவருடைய கழகத்து மைதானம் முகாமானது. எங்கள் ஊர் மைதானத்திலும் முகாம் வந்தது. ஆகவே அந்த இடத்தில் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவரிடம் எல்லாம் இருந்தது.

வெளியாள்

ரொறன்ரோவில் கோடை வந்தால் எங்கள் ஊர்க் கழகங்கள் சுற்றுப்போட்டி வைக்கும். ஊரில் எந்தெந்தக் கழகங்கள் மோதினவோ அவையே இங்கும் மோதும். பழைய கோபமும் விமானமேறி வந்திருக்கிறது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் கூடைப்பந்தைப் பார்த்து வளர்கிறார்கள். பதினொரு பேரைச் சேர்க்கவே கழகச் செயலாளர் கோவில் வாசலில் நின்று ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு விதி வந்தது: ஒவ்வொரு கழகமும் ஊரைச் சேராத இருவரைச் சேர்க்கலாம். அவர்களுக்கு "வெளியாள்" என்று பெயர்.

எங்கள் கழகத்து வெளியாளாகத் தம்பாவை நான் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதே நாற்பதைத் தொட்டிருந்தார். ஓட்டம் குறைவு. ஆனால் நிற்கவேண்டிய இடம் தெரியும். எதிரணியின் பந்து எங்கே இறங்குமோ அங்கே அது புறப்படும் முன்னரே நிற்பார். பார்வையாளர் பக்கத்திலிருந்து "தலை! தலை!" என்று கத்துவார்கள். பந்து நெற்றியில் படும் சத்தம் கூழ் காய்ச்சும் பெரிய கிடாரத்தடிவரை கேட்கும்.

எங்கள் ஆட்களில் சிலர் முதல் வருடம் அவரைக் குறித்து ஒரு சொல்லைப் பயன்படுத்தினார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. இரண்டாம் வருடம் அதே ஆட்கள் "தம்பா, எங்கட பக்கம் வாரும்" என்று தங்கள் கழகத்துக்குக் கேட்டு வந்தார்கள்.

அவரும் எங்கள் சொற்களைப் பிடித்துக்கொண்டார். பந்து உயரே வரும்போது "விடு, என்ர!" என்று கத்துவார். அந்தத் தொண்டைக்குள்ளிருந்து அந்தத் தமிழ் வந்ததும் எதிரணிப் பொடியன் ஒருகணம் திகைப்பான். அந்த ஒருகணம் போதும்.

முதல் கிண்ணம் வாங்கிய நாள் நினைவிருக்கிறது. சிறந்த பின்வரிசை வீரர் என்று தம்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் தன் நாட்டுப் பழக்கத்தில் வலது கையை மட்டும் நீட்டினார். மைக்கைப் பொத்திக்கொண்டு அறிவிப்பாளர், "ரெண்டு கை, தம்பா, ரெண்டு கை!" என்றார். தம்பா அவரைப் பார்த்து, சட்டையை இழுத்து நேராக்கி, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அதன்பின் ஒருபோதும் தவறியதில்லை. தொழிற்சாலையில் சம்பளத் துண்டைக்கூட இரண்டு கையாலும் வாங்கினார்.

மைக் ரவி

அந்த அறிவிப்பாளர் மைக் ரவி. கலியாணம், பூப்புனித நீராட்டு, சுற்றுப்போட்டி எல்லாவற்றுக்கும் அவர்தான். பகலில் கட்டடங்களுக்குச் சூடாக்கும் இயந்திரம் பூட்டுகிற வேலை. மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் வேறு மனிதர். வங்கியில் வேலை செய்கிறவரை "பொருளாதார மேதை" என்பார். கடை வைத்திருப்பவர் "தொழிலதிபர்". இரண்டு கடை என்றால் "வர்த்தக வேந்தர்". எங்களுக்குள் இது யாரையும் ஏமாற்றாது. மேடையில் சொல்வதில் பாதியைக் கழித்துக் கேட்க நாங்கள் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். மாப்பிள்ளையின் சித்தப்பா "சமூகத்தின் தூண்" என்று சொல்லப்படும்போது சித்தப்பாவே சிரித்துக்கொண்டுதான் எழும்புவார்.

தம்பாவின் இரண்டு வரியை ரவிக்கு நான்தான் சொன்னேன். முதல் வருடம் அவர் அறிவித்தது: "சியரா லியோன் தேசிய அணியின் முன்னாள் வீரர்!" சரிதான்.

இரண்டாம் வருடம் கோல் சேர்ந்தது. கடைசி நிமிடத்தில் அடித்த கோல். மூன்றாம் வருடம் மழை சேர்ந்தது. கொட்டுகிற மழை, முழங்கால்வரை சேறு, அதற்குள் தம்பா சிங்கம்போல எழுகிறார். அடுத்த கோடையில் அந்நாட்டு ஜனாதிபதி ஆசனத்திலிருந்து எழுந்து கண்ணைத் துடைத்தார். அதற்கும் பிறகு, "உலகக் கிண்ண வீரர் தம்பா!"

அவர்களுடைய நாடு உலகக் கிண்ணத்துக்கு ஒருமுறையும் போனதில்லை. நான் பக்கத்திலிருந்து தம்பாவுக்கு மொழிபெயர்ப்பேன். "இண்டைக்கு என்ன சொல்லுறான்?" என்று கேட்பார். சொல்வேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "அடுத்த வருசம் கிண்ணத்தையும் வெண்டிடுவன்," என்பார்.

கழித்துக் கேட்கும் பழக்கம் அவருக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முப்பது பேர் விளையாடிய ஆட்டம்

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர்க் கழகத்தின் வரலாற்றைப் பல வருடங்களாகத் தொகுத்து வருகிறேன். இடம்பெயர்வில் படங்களும் பதிவுகளும் போய்விட்டதால் ஆட்களைக் கேட்டுத்தான் எழுதவேண்டும். மாவட்டக் கிண்ணத்தை நாங்கள் வென்ற ஓர் இறுதியாட்டம் உண்டு. அந்த அணியில் விளையாடியதாக ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எங்கும் ஆட்கள் எனக்குச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் முப்பது பேருக்குக் கிட்ட வருகிறது. ஒருவர் தான் அடித்த பெனால்டியை விவரித்தார். நன்றாக விவரித்தார். அந்த வருடம் அவருக்கு ஏழு வயது.

அவர் பொய் சொல்லவில்லை. அண்ணன்மார் சொல்லிச் சொல்லி, அவருக்குள் அது அவருடைய கால் உதைத்ததாகிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் சொல்லாத எதையும் நடந்ததாக எழுதமாட்டேன். பொடியள் என்னைத் "திகதி அண்ணை" என்று கூப்பிடுவது இதனால்தான். பாதி மரியாதை, பாதி நக்கல்.

இடைவேளையில்

தம்பாவுக்கு ஏதோ சரியில்லை என்பது முதலில் மைதானத்தில்தான் தெரிந்தது. விளையாட்டை விட்டுவிட்டுப் பயிற்சியாளராக வந்துகொண்டிருந்த காலம். இடைவேளையில் எதிரணியோடு போய் இருந்தார். அவர்களுடைய தோடம்பழத் துண்டை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே அவர்களுக்கு எங்களை எப்படி அடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பாவும் சிரித்தார். அடுத்த பாதியில் நாங்கள் தோற்றது அதைவிடப் பகிடி.

ஹாவா சிரிக்கவில்லை. அவர் முதியோரைப் பராமரிக்கும் பிஎஸ்டபிள்யூ வேலை செய்கிறவர். வீடுவீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பெயர் மறந்தவர்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கும் வேலை. "எனக்கு உந்தச் சிரிப்பைத் தெரியும், பிரதர்," என்றார். "ஒண்டும் விளங்காட்டி நான் பாக்கிற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் சிரிப்பினம்."

வைத்தியர் சோதித்து நோயின் பெயரைச் சொன்னார். வாழ்க்கை முழுக்கப் பந்தைத் தலையால் இடித்ததாலா என்று ஹாவா கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஓர் ஆளைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். அவர் சரியாகத்தான் சொன்னார். நானும் அதற்குமேல் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது "தலை! தலை!" என்று எங்காவது கத்தும்போது நான் எழுந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுகிறேன்.

அதன் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை, மரவள்ளி இலை வாசனைக்குள் அந்தக் கேள்வி.

"இப்பவே தேடுங்கோ, அண்ணை," என்றார் வாசல்வரை வந்து. "பிறகு எனக்குக் கேள்வியும் மறந்துபோயிடும். விசர்க் கதை கதைச்ச பொய்யன் எண்டு போகப்படாது."

கோல்காப்பாளர்

தேடினேன். அவருடைய நாட்டு நூலகமொன்றுக்கு எழுதினேன். அன்பான பதில் வந்தது. அந்த மாதங்களின் பத்திரிகைக் கட்டு அவர்களிடம் இல்லை. போரில் போனதா, ஒழுக்கில் போனதா என்று அவர்களுக்கே தெரியாது. இதே பதிலை என் ஊர் விடயமாகவும் வாங்கியிருக்கிறேன்.

ஹாவாவின் சொந்தக்காரர் மூலம் அந்த அணியின் கோல்காப்பாளர் அகப்பட்டார். லண்டனில் டாக்ஸி ஓட்டுகிறார். தொலைபேசியில் தம்பாவின் பெயரைச் சொன்னதும் கத்தினார்.

"பெரிய தலையன்! உயிரோட இருக்கிறானா?"

"இருக்கிறார். அந்த ஒண்டுக்கு ஒண்டு ஆட்டத்தில அவர் விளையாடினவரோ?"

"விளையாடாமல்? என்ர முன்னுக்கு நிண்டு என்னை ஏசிக்கொண்டே இருந்தவன்."

"உங்கட கோலை அடிச்சது ஆர்?"

"ஐயா, நான் மற்றப் பக்கத்துக் கோலுக்குள்ள நிண்டனான். அவ்வளவு தூரம். கோர்னர் வந்தது. ஒரு கும்பல் எழும்பினது. பிறகு எங்கட ஆக்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிச்சாங்கள். யாரை முதல் கட்டிப்பிடிச்சாங்கள் எண்டு எனக்குத் தெரியாது."

மழை பெய்ததா என்றும் கேட்டேன். "மழையோ? புழுதி, ஐயா. கண் திறக்கேலாத புழுதி."

கோர்னரை அடித்தவரை விசாரித்தேன். அமெரிக்காவில் இருந்திருக்கிறார். இரண்டு மாரிக்கு முன் இறந்துவிட்டார். மகள் பேசினார். "அப்பா எப்பவும் சொல்லுவார், அந்தக் கோர்னர் ஒருத்தரிலயும் படாமல் நேரே உள்ளுக்குப் போனது எண்டு. அவற்ற ஒரே கோல் அதுதான்."

ஒரே கோல். அதற்கு இரண்டு சொந்தக்காரர்.

பிறகு மகள் கேட்டார்: "உங்கட நண்பரிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களோ, என்ர அப்பா எப்பிடி விளையாடுறவர் எண்டு?"

உலகக் கிண்ணம்

அந்தக் கேள்வியோடு மல்வேர்ன் போனேன். தம்பா என்னைக் கண்டதும் மலர்ந்தார். "அண்ணை! எனக்கு ஞாபகம் வந்திட்டுது!" என்றார். மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் வைத்து மைதானத்தைக் காட்டினார்.

"கடைசி நிமிசம். கொட்டுற மழை. இஞ்ச மட்டும் சேறு." முழங்காலைத் தொட்டார். "நான் சிங்கம் மாதிரி எழும்பினன். அங்க ஜனாதிபதி எழும்பி நிண்டு அழுகிறார். உலகக் கிண்ணத்தில இப்பிடி ஒரு கோலை ஆரும் கண்டதில்லை."

ஹாவா சந்தோசத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். பல மாதங்களாகத் தம்பா இவ்வளவு நீளமாக எதையும் சொன்னதில்லை.

ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றும் எந்தக் கோடையில் எந்த மேடையில் சொல்லப்பட்டது என்றுகூடச் சொல்லுவேன். ரவியின் தமிழ் என் வாய்வழியாக ஆங்கிலமாகி அவருக்குள் போயிருக்கிறது. அவருடைய சொந்த இரண்டு வரி கரைந்துபோக, அந்த இடத்தில் நாங்கள் வைத்த சோடனை நிற்கிறது.

தம்பா என் முகத்தில் எதையோ கண்டிருக்கவேண்டும். உப்புப் போத்தலை மெல்லப் பழைய இடத்தில் வைத்தார்.

"இது என்ர ஞாபகம் இல்லையோ?" என்றார். பிறகு நெற்றியைத் தொட்டுக்கொண்டு, "இதுக்குள்ள ஆரோ மைக்கைப் பிடிச்சுக் கதைச்சுக்கொண்டிருக்கிறான், அண்ணை. என்ர சத்தம் எனக்குக் கேக்குதில்லை," என்றார்.

ரவியை வெக்ஸ்போர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிடித்தேன். ரோல்ஸ் ஒன்றைக் கடித்த வாயோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எனக்குத் தந்தது ரெண்டு வரி அண்ணை. ரெண்டு வரியை வைச்சுக்கொண்டு நான் என்னத்தை அறிவிக்கிறது? நீங்கள் எழுதிறமாதிரி மைக்கில சொன்னால் சனம் கூழ் குடிக்கப் போயிடும்."

"மழை எங்கால வந்தது, ரவி?"

"அண்டைக்கு இஞ்ச மழைக்குணமா இருந்தது." ரோல்ஸை வைத்துவிட்டார். "ஒரு மனுசன் தன்ர நாட்டுக்கு விளையாடிப்போட்டு இஞ்ச வந்து பாண் சுத்துறார். அந்தாளைச் சும்மா 'தம்பா' எண்டு கூப்பிட எனக்கு மனம் வரேல்லை. அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிறு ரவி தானே போனார். நானும் போனேன். தம்பாவுக்கு முன்னால் இருந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தார். ஜனாதிபதி நான் சொன்னது. கடைசி நிமிசம் நான் சொன்னது. சிங்கம் நான் சொன்னது. மழை நான் சொன்னது. மைக் இல்லாமல் ரவியின் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தம்பா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்.

"மழை இல்லையெண்டு சொல்லாதேங்கோ. நான் நனைஞ்சிருந்தனான்."

ரவி எழும்பிப்போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவடியில் நெடுநேரம் குனிந்திருந்தார். அதன்பின் எந்தச் சுற்றுப்போட்டிக்கும் அவர் மைக் பிடிக்கவில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறார்.

இரண்டு கை

அந்த மாரியில் தம்பா பகலில், அரைக்காற்சட்டையோடு, பள்ளிக்கூடத்து வெறும் மைதானத்துக்குப் போய்ப் பனிக்குள் நின்றார். ஆட்டம் தொடங்கவில்லையா என்று வீதியால் போனவர்களைக் கேட்டிருக்கிறார். கால்விரல்கள் தப்பியது பெரிய காரியம். ஹாவா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க முடியாது. அடுத்தவர்களின் கணவன்மாரைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் இருந்தபடிதான் தன் கணவனைப் பராமரிப்பு விடுதியில் விடும் முடிவை எடுத்ததாகச் சொன்னார்.

விடுதி கிழக்கே, பிக்கரிங் போகிற வழியில். யன்னலால் பார்த்தால் வேலைக்குப் போய்வருகிறவர்களின் ரயில் தெரியும். சவர்க்காரமும் வெந்த கரட்டும் மணக்கும் கூடம். போன மாதம் போனேன்.

ஹாவா என்னை வாசலிலேயே மறித்தார். "பிரதர், அவருக்கு ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ."

"எனக்கு இன்னும் ஒரு ஆள்..."

"உங்கட ரெண்டாவது ஆள் செத்துப்போனான். முதலாவது ஆள் தூரத்தில நிண்டவன். இஞ்ச இருக்கிறவர் ஒவ்வொரு பின்னேரமும் அழுகிறார். எதுக்கெண்டு அவருக்கே இப்ப தெரியாது. எனக்குத் தெரியும். ஓம் எண்டு ஒரு சொல் சொன்னால் உங்கட புத்தகம் கெட்டுப்போகுமோ?"

கெட்டுப்போகாது என்று எனக்கும் தெரியும். உள்ளே போனேன். சாய்நாற்காலியில் இருந்தார். மெலிந்து, தலை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். அண்ணை என்று சொல்லவில்லை.

கோர்னர் அடித்தவரின் மகள் கேட்டதை முதலில் கேட்டேன். அந்த அப்பாவைத் தெரியுமா, எப்படி விளையாடுவார். தெரியாது என்று தலையை ஆட்டினார், மிகுந்த மரியாதையோடு.

பிறகு அவருக்குக் கிட்டக் குனிந்து, கொஞ்சம் உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "தம்பா. நான் தேடிப் பாத்தன். அந்தக் கோலை அடிச்சது நீர்தான்."

உரக்கச் சொன்னதுதான் பிழையோ தெரியாது. கூடத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். யாரோ ஒரு மூதாட்டி, ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக் கைதட்டினார்.

தம்பா நாற்காலியின் இரு பக்கமும் கையூன்றி எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்து நேராக்கினார். கேள்வி கேட்ட மனிதர் அந்த முகத்தில் இல்லை. பெயர் கூப்பிடப்பட்ட ஒருவர் மட்டும் இருந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

நான் கொண்டுபோனது ஒரு பை தோடம்பழம். அதையும் வாசலில் ஹாவாவிடம் கொடுத்துவிட்டிருந்தேன். என் கையில் எதுவும் இல்லை. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வேறு வழி தெரியாமல் என் இரண்டு கைகளையும் அதில் வைத்தேன். அவர் குனிந்து அவற்றைப் பார்த்தார். வாங்கியது என்னவென்று பார்க்கிற பார்வை. பிறகு நிமிர்ந்து, கூடத்தைப் பார்த்து, அவற்றை மெல்லத் தலைக்குமேல் உயர்த்தினார்.

ஹாவா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். யன்னலுக்கு வெளியே ரயில் போய் முடியும்வரை அப்படியே நின்றோம்.

கோல்காப்பாளரும் மகளும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அவர்கள் இருவராலும் உறுதியாவது இவ்வளவு: ஆட்டம் நடந்தது, ஒரு கோர்னர் வந்தது, அது கோலானது. தம்பா அதில் விளையாடியதற்குக் கோல்காப்பாளர் ஒருவரே சாட்சி. அவருக்கு இரண்டாவது ஆள் தேவை இல்லை என்று என் விதியை இங்கே தளர்த்துகிறேன். அந்தப் பந்து கடைசியாகத் தம்பாவின் தலையில் பட்டதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.